கீழாநெல்லிக்கு அடங்காத மஞ்சள்

கீழாநெல்லி அரைத்து அரைத்து அஞ்சலாட்சியின் விரலிடுக்கெல்லாம் பச்சை ஏறிப்போயிருந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இன்றைக்கும் விடிந்ததும் விடியாததுமாக அம்மிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

வேரோடு பிடுங்கி அலசிய செடியை வெண்ணெயாக அரைத்து, ஆட்டுப்பாலில் கரைத்து, வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். உப்பு கிடையாது. புளி, எண்ணெய் எதுவும் கிடையாது. தவளக்குப்பம் கூட்டுரோட்டு வைத்தியர் கண்ணையன் சொன்ன முறை அது. "ஒரு வாரத்துல மஞ்சக் காமால எறங்கிப்பூடும்" என்றுதான் முதலில் சொன்னார். ஒரு வாரம் போய், அடுத்ததும் பாதி ஆகிவிட்டது. புருஷன் தெய்வசிகாமணியின் கண்ணில் இருந்த மஞ்சள் கழுத்துக்கு இறங்கி, மார்புக்கு இறங்கி, இப்போது உள்ளங்கால் வரை வந்து நின்றது.

நேற்று மறுபடியும் அவரிடம் போய் அழுதாள். வைத்தியர் தலையைச் சொறிந்துகொண்டார். "எத்தினியோ பேருக்குக் குடுத்த மருந்தும்மா. இந்த ஆளுக்கு ஏன் கேக்கலன்னு எனக்குத் தெரியல. என்ன நம்பிக்கினு இருக்காத. பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ."

சிகாமணி அசையவில்லை. "நாளைக்கு தங்கச்சி சுலோவுக்குப் பூ வெச்சு நிச்சயம் முடியட்டும். அப்பறம் எங்க கூப்டாலும் வரேன்."

அந்த நாளைதான் இன்று.

அஞ்சலாட்சிக்குக் கை அம்மியில் இருந்தாலும் மனசு கடலூரில் இருந்தது. பக்கத்து வீட்டுத் தையல்நாயகி போன வாரம் போட்டுவிட்டுப் போன கொள்ளி அது. பஞ்சு மில்லில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போன சிகாமணி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்தானாம். "மாசத்துக்கு ஒருவாட்டி கடலூர் பஸ்ல பாக்கறேண்டி. உனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அதற்கு முன்பிருந்தே வீட்டில் நடப்பதும் சரியாக இல்லை. மூன்று மாதமாக அவன் படுக்கை தாழ்வாரத்துக்குப் போய்விட்டது. சாப்பிடத் தனித் தட்டு. ஆறு வயது மகள் செல்வாம்பாள் மடியில் ஏறினால் இறக்கிவிடுகிறான். இதற்கெல்லாம் ஒரே ஒரு காரணம்தான் அஞ்சலாட்சிக்குத் தோன்றியது. அந்தக் காரணத்துக்கு முகம் தெரியவில்லை, பெயர் தெரியவில்லை. மஞ்சக்குப்பத்தில் வீடு மட்டும் இருந்தது.

நேற்று ராத்திரி கஞ்சியைத் தனித் தட்டில் ஊற்றும்போது வாயை அடக்க முடியவில்லை. "எவ ஊட்டு சோறு இனிச்சிதோ, அங்கியே போய்த் துண்ணலாமில்ல" என்று கேட்டுவிட்டாள். அவன் மஞ்சள் கண்ணால் அவளைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் கஞ்சியைக் குடித்தான்.

அரைத்ததைப் பாலில் கரைத்து, டம்ளரை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள். சிகாமணி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தான். பொத்தான்கள் எல்லாம் ஒன்று தள்ளி மாட்டியிருந்தன.

"இந்தாங்க, குடிங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "எம்மா, மில்லு சங்கு ஊதிட்டாங்களா?"

அவன் அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

"ஏங்க, நான் அஞ்சல."

"ம். தெரியிது" என்று டம்ளரை வாங்கக் கையை நீட்டினான். மணிக்கட்டு நிற்கவில்லை. கோழி சிறகை அடிப்பதுபோல விரல்கள் மேலும் கீழும் அடித்துக்கொண்டன. பால் சட்டையில் கொட்டியது. அவன் மூச்சில் இதுவரை இல்லாத ஒரு நாற்றம், அழுகப்போகும் பழத்தின் வாடை.

"சுலோ! இங்க வாடி!"

சுலோசனா பாதி கட்டிய பட்டுப்புடவையோடு ஓடிவந்தாள். சிகாமணிக்கு ஒரே தங்கை. அம்மா அப்பா இல்லாத பெண். காந்தி வீதிப் பக்கம் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைக்கிறாள்.

தங்கையைப் பார்த்ததும் சிகாமணியின் முகம் தெளிந்தது. "சுலோ, அந்தச் செவப்பு மாத்திரைய எங்க வெச்ச? இன்னிக்கு இன்னும் போடல. உட்டா திரும்பி வந்துரும்."

சுலோசனாவின் கை கொசுவத்தில் அப்படியே நின்றது.

"இன்னா மாத்திர?" என்றாள் அஞ்சலாட்சி.

"சத்து மாத்திர அண்ணி. டானிக்கு மாதிரி."

"எனக்குத் தெரியாம இன்னா சத்து மாத்திர?"

பதில் வருவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. அரியாங்குப்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா மணியம்மாள் முதலில் இறங்கினாள். கையில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைப் பந்து. வாசலிலேயே பேச்சு தொடங்கிவிட்டது. "எங்க அண்ணன் வெள்ளிக்கெழம பாரீஸ்ல ஏரோப்ளேன் ஏறுறாரு. தங்கச்சி மவன் கல்யாணம் முடிஞ்சிதான் திரும்புவேன்னுட்டாரு. பட்டாளத்துல சொல்தாவா இருந்தவரு இல்லியா, சொன்னா சொன்னதுதான்." பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் அண்ணன் கோவிந்தசாமியைப் பற்றிச் சொல்லாமல் மணியம்மாளால் ஒரு வீட்டுப்படி ஏற முடியாது.

பின்னால் பலராமன் வந்தான். மின்சாரத் துறையில் வேலை. சுலோசனாவைத் தையல் கடையில் பார்த்துப் பிடித்துப்போய், அம்மாவிடம் தானே வாயைத் திறந்து கேட்டவன். அதிகம் பேச மாட்டான்.

சிகாமணியைக் கூடத்தில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். "லேசா காமால, மருந்து குடுத்துக்கினு இருக்கோம்" என்று அஞ்சலாட்சி சிரித்துச் சமாளித்தாள். தட்டு மாற்ற வேண்டிய நேரம் வந்தது. சிகாமணி எழுந்தான். தாம்பாளத்தை வாங்கினான். வெற்றிலையும் பழமும் சரிந்து தரையில் உருண்டன. எதிரே நின்ற மணியம்மாளை உற்றுப் பார்த்தான்.

"நீங்க யாரு? மில்லுல எந்தப் பிரிவு? கார்டிங்கா, ஸ்பின்னிங்கா?"

மணியம்மாளின் முகம் மாறியது. தள்ளாடும் ஆம்பளையைப் பார்த்தால் இந்த ஊரில் யாருக்கும் முதலில் தோன்றுவதுதான் அவளுக்கும் தோன்றியது. "காலங்காத்தாலயேவா? நல்ல நாள் அதுவுமா?"

"ஐயோ, அவரு அதத் தொட்டதே கெடயாது சம்மந்தியம்மா!"

பலராமன் அதற்குள் குறுக்கே பாய்ந்துவிட்டான். சரிந்த சிகாமணியின் தலை நாற்காலிக் கையில் இடிக்காமல் தாங்கிக்கொண்டான். "எம்மா, சாராய வாடையே இல்ல. கண்ணப் பாரு. அண்ணி, கால் பக்கம் பிடிங்க. கார்ல போட்டுடலாம்."

மல்லிகைப் பந்து பிரிக்காமலே ஸ்டூல் மேல் கிடந்தது. மணியம்மாள் ஒரு கணம் யோசித்துவிட்டு அதைக் கையில் எடுத்துக்கொண்டு காரின் முன் சீட்டில் ஏறினாள். செல்வாம்பாளைத் தையல்நாயகி இடுப்பில் தூக்கிக்கொண்டாள். கார் கிளம்பும்போது குழந்தை "அப்பா" என்று கத்தியது. சிகாமணி திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்குக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். வயசு முப்பதுக்குள்தான் இருக்கும். சிகாமணியின் இமையை விலக்கினார், வயிற்றை அமுக்கினார், கையை நீட்டச் சொல்லி அந்தச் சிறகடிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நர்ஸிடம் ஏதோ சொன்னதும் கட்டில் பக்கம் குளுக்கோஸ் பாட்டில் வந்தது.

"ஈரல் வேலைய நிறுத்திக்கிட்டு இருக்கு. அதனாலதான் மூளை குழம்புது. என்ன குடுத்தீங்க வீட்ல?"

"கீழாநெல்லிதாம்மா. ஆட்டுப்பால்ல." அஞ்சலாட்சி திட்டு விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. "கீழாநெல்லியால இப்படி ஆகாது. மெட்ராஸ்லயே அத வெச்சு ஆராய்ச்சி பண்றாங்க. வேற என்ன குடுத்தீங்க?"

"வேற ஒண்ணுமில்ல."

"சாராயம்?"

"சத்தியமா இல்லம்மா."

"ஏதாவது மாத்திரை? வலிக்கு, இருமலுக்கு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஏதோ ஒண்ணு உள்ள போய் ஈரலை எரிச்சுக்கிட்டு இருக்கு. அது என்னன்னு தெரியாம நான் என்ன குடுத்தாலும், ஒரு பக்கம் தண்ணிய ஊத்தி இன்னொரு பக்கம் அடுப்ப ஊதற மாதிரிதான்."

அஞ்சலாட்சி திரும்பினாள். சுலோசனா சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். பட்டுப்புடவை, புது வளையல், பூ இல்லாத தலை. அவள் பார்வை அண்ணன் மேல் இல்லை. வாசலில் நின்ற மணியம்மாள் மேல் இருந்தது.

"சுலோ. செவப்பு மாத்திரன்னாரே. அது இன்னாது?"

சுலோசனா தலையை ஆட்டினாள்.

"சொல்லுடி."

"அண்ணி, வெளிய போய்ச் சொல்றேன். கொஞ்சம் வெளிய வா..."

"இங்கியே சொல்லு! அவரு செத்துக்கினு இருக்காரு!"

அந்தச் சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. சுலோசனா பலராமனை ஒருமுறை பார்த்தாள். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அண்ணனுக்கு டி.பி. மூணு மாசமா கடலூர்ல ஒரு டாக்டர்கிட்ட வைத்தியம். மாசாமாசம் போய் மாத்திர வாங்கிக்கினு வரும். செவப்பு ஒண்ணு, வெள்ள ரெண்டு. இன்னிக்கு வரைக்கும் ஒரு வேள கூட உடல. நேத்து ராத்திரிகூட நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

டாக்டரம்மா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "மஞ்சள் வந்த பிறகுமா?"

"கண்ணு மஞ்சளானா ஒடனே வரணும்னு அந்த டாக்டர் சொல்லித்தான் அனுப்பினாராம். பூ வெச்சதுக்கு அப்பறம் போறேன்னுச்சு. மாத்திரய உட்டா இருமல் திரும்பி, கல்யாணத்துல எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னுச்சு..." மேலே பேச முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"அந்த மாத்திரை எல்லாருக்கும் இப்படிப் பண்ணாது. லட்சக்கணக்கான பேர் சாப்பிட்டுக் குணமாகறாங்க. சில பேருக்கு மட்டும் ஈரல் தாங்காது. இப்ப நிறுத்தியாச்சு. இனி பார்க்கலாம்." டாக்டரம்மா நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு கட்டில் பக்கம் போனார்.

மணியம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போயிருந்தாள்.

"மூணு மாசமா! நிச்சயம் பண்ற ஊட்ல எளப்பு நோய மூடி வெச்சிக்கினு, என் புள்ளைய வாசப்படி ஏற உட்டிருக்கீங்க!" அவள் குரல் கத்தலாக இல்லை. நிஜமாகவே பயந்துபோயிருந்தாள். "பலராமா, வா. கெளம்பு."

"நீ கார்ல போம்மா. நான் பின்னால வரேன்."

"வாடான்னா!"

அவன் சுலோசனாவைப் பார்த்தபடியே நின்றான். அவள் தலை நிமிரவில்லை. கடைசியில் அம்மாவின் பின்னால் நடந்தான். வாழையிலைச் சுருளும் அவர்களோடு போய்விட்டது.

வராந்தாவில் இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?" என்றாள் அஞ்சலாட்சி. "உன்ன நான் அப்பிடியா வெச்சிருந்தேன்?"

"சத்தியம் வாங்கிடுச்சு அண்ணி. அஞ்சலைக்குத் தெரிஞ்சா அழுதே ஊருக்குக் காட்டிக் குடுத்துடுவான்னுச்சு. இருமல் கேட்டா, மில்லுப் பஞ்சுன்னு சொல்லிக்கலாம்னுச்சு. என் கல்யாணம் முடிஞ்ச மறுநாளு தானே சொல்றேன்னுச்சு."

"தாழ்வாரத்துல போய்ப் படுத்தாரே. தட்டத் தனியா வெச்சாரே."

சுலோசனா அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஒனக்கும் பாப்பாவுக்கும் ஒட்டிக்கக் கூடாதுன்னுதான். பாப்பாவ எறக்கி உட்டுட்டு, கொல்லப் பக்கம் போய் நின்னு அழும். நான் பாத்திருக்கேன்."

அஞ்சலாட்சி எழுந்து வராந்தாவின் கடைசிக்குப் போனாள். சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். மஞ்சக்குப்பத்தில் அவள் கட்டிவைத்த வீடு, அதற்குள் உட்காரவைத்த முகமில்லாத பெண், மனசுக்குள் அந்தப் பெண்ணோடு போட்ட சண்டை எல்லாம் இருந்த இடம் தெரியாமல் போயின. மிச்சமாக நின்றது நேற்று ராத்திரி கேட்ட கேள்வி ஒன்றுதான். எவ ஊட்டு சோறு இனிச்சிதோ. அதைக் கேட்டுவிட்டுத்தான் அவன் உப்பில்லாக் கஞ்சியை ஒரு வார்த்தை இல்லாமல் குடித்தான். அவன் நினைவோடு குடித்த கடைசிக் கஞ்சி அதுவாகிவிடுமோ.

மதியத்துக்கு மேல் டாக்டரம்மா வெளியே வந்தார். அஞ்சலாட்சி அவர் காலடியில் விழப்போனாள். அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் பொய் சொல்ல மாட்டேன். ரொம்ப மோசமா இருக்கு. செய்யறதெல்லாம் செய்யறோம். ஈரலுக்கு ஒரு குணம் உண்டு, கொஞ்சம் விட்டுவெச்சா தானா வளரும். அதுக்கு இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கணும்."

"அந்த எரிச்சல அணைக்க வேற ஒண்ணுமே இல்லையாம்மா? கீழாநெல்லி இன்னும் அதிகமா அரைக்கட்டுமா? மெட்ராஸ்ல பாக்கறாங்கன்னீங்களே?"

டாக்டரம்மா தயங்கினார். பதில் சொல்லாமல் போயிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போக முடியவில்லை போலிருந்தது.

"இந்த நிலைமைல வாய்வழியா அத ஊத்தக் கூடாது, பொரை ஏறிடும். பாருங்கம்மா, விஷம் ஈரல்ல உடையறப்ப பொறி மாதிரி தெறிச்சு, பக்கத்துல இருக்கற நல்லதையும் சுடுது. இரும்பு துருப்பிடிச்சுப் பரவற மாதிரி. அதத் தடுக்கற சத்து சில செடிகள்ல இருக்கு. ஐரோப்பால ஒரு முள்ளுச்செடி, ஊதாப் பூ பூக்கும். அதோட விதைலேருந்து மருந்து எடுக்கறாங்க. விஷக்காளான் தின்னு ஈரல் போனவங்க சில பேர் அதுல பொழைச்சதா படிச்சிருக்கேன். உங்க வீட்டுக்காரருக்குக் கேட்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. இங்க அது கெடைக்கறதும் இல்ல. பிரான்ஸ்ல கடைல விக்கறாங்க."

"முள்ளுச்செடின்னா, நம்ம ரோட்டோரம் இருக்கே பிரம்மதண்டு, அதுவா?"

"அது இல்ல!" டாக்டரம்மாவின் குரல் உயர்ந்தது. "இலை ஒரே மாதிரி இருக்கும். பிரம்மதண்டு விதை விஷம். அதை அரைச்சுக் கொண்டுவந்துடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

அஞ்சலாட்சி தலையாட்டினாள். ஆனால் அவள் காதில் கடைசியாக நின்ற சொல் பிரான்ஸ். பிரான்ஸில் ஆள் இருக்கும் வீடு இந்த ஊரில் தெருவுக்கு ஒன்று உண்டு. அவளுக்குத் தெரிந்ததில், இந்த வாரமே அங்கிருந்து கிளம்பி வருகிற ஆள் ஒருவர்தான். மருந்தின் பெயரை டாக்டரம்மாவிடம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டாள்.

"பாத்துக்க" என்று சுலோசனாவிடம் சொல்லிவிட்டு அரியாங்குப்பம் பஸ்ஸில் ஏறினாள்.

மணியம்மாள் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். குளித்துத் தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

"அங்கயே நில்லு. கிட்ட வராத."

"சம்மந்தியம்மா..."

"அப்பிடிக் கூப்டாத."

அஞ்சலாட்சி சீட்டைக் கம்பி வழியாக நீட்டினாள். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். "உங்க அண்ணன் வரும்போது கையோட கொண்டாந்தா போதும். எங்கள மன்னிக்க வேணாம். எங்க ஊட்டு வாசப்படிய நீங்க மிதிக்க வேணாம். அந்த மருந்து மட்டும் வேணும்."

மணியம்மாள் சீட்டை வாங்கவில்லை. "எம் புருசன் எதுல போனாருன்னு தெரியுமா உனக்கு?"

அஞ்சலாட்சி நீட்டிய கையைக் கம்பிக்கு வெளியே இழுத்துக்கொண்டாள்.

"இதே எளப்புலதான். பலராமன் அப்போ பால்குடி. அந்தக் காலத்துல இந்த மாத்திர மசுரெல்லாம் எங்க இருந்தது? ரத்தமா கக்குவாரு, நான் சட்டில ஏந்துவேன். என் ஒத்தப் புள்ளைய மறுபடி அதுக்குக் குடுப்பனா?" அவள் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டாள். "அவன் இப்பத்தான் வந்து சொல்லிட்டுப் போறான். டி.பி. குணமாகற வியாதியாம். கட்டினா அவளத்தான் கட்டுவானாம். ஆஸ்பத்திரிக்குத்தான் திரும்பிப் போயிருக்கான்."

அஞ்சலாட்சிக்கு ஒரு நொடி நெஞ்சு லேசானது. அந்த லேசை மணியம்மாள் பார்த்துவிட்டாள்.

"அதான் சொல்றேன், கேட்டுக்க. நான் தடுத்தா அவன் கேக்க மாட்டான். அந்தப் பொண்ணு வேணான்னு சொன்னா கேப்பான். நீ போய்ச் சொல்லணும், சுலோசனாவுக்கு இஷ்டமில்லன்னு. நான் சொல்லச் சொன்னதா மூச்சு உடக் கூடாது. அப்பிடியே செஞ்சியானா, இன்னிக்கே டெலிபோன் ஆபீஸுக்குப் போய் பாரீஸுக்கு ட்ரங்க் கால் போடறேன். அண்ணன் பொட்டிய கட்டறதுக்குள்ள சேதி போயிடும்."

"அவ இன்னா பாவம் பண்ணா? அவ சின்னப் பொண்ணும்மா..."

"எம் புள்ளையும்தான்." மணியம்மாள் கம்பி வழியாகக் கையை நீட்டினாள். "இன்னா? சீட்டக் குடுக்கறியா, எடுத்துக்கினு போறியா?"

அஞ்சலாட்சி அந்தக் கையைப் பார்த்தபடி நின்றாள். தன் தங்கைக்காகத்தான் சிகாமணி விஷமாகிப்போன மாத்திரையை விடாமல் விழுங்கினான். பூ வைக்கிற நாள் வரைக்கும் உயிரைப் பிடித்துவைத்திருந்தான். அவன் உயிருக்காக இப்போது அந்தப் பூவையே கொடுக்கக் கேட்கிறார்கள்.

சீட்டை அவள் கையில் வைத்தாள்.

திரும்பும்போது பஸ் ஆற்றுப்பாலத்தில் நின்று நின்று போனது. தேங்காய்த்திட்டுப் பக்கம் படகுகள் கரை திரும்பிக்கொண்டிருந்தன. சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். மணியம்மாள் ட்ரங்க் கால் போடாமல் விட்டால் என்ன செய்வது என்று மறு நிமிஷம் நினைத்தாள். மருந்து வந்தும் அவன் பிழைக்காமல் போனால்? அந்தக் கேள்விக்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி மாடிப்படி முடிகிற இடத்தில் பலராமன் நின்றிருந்தான். கையில் சீவிய இளநீர் இரண்டு. அவளைப் பார்த்ததும் முன்னால் வந்தான்.

"அண்ணி, எங்க போயிட்டீங்க? காலைலேருந்து நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் சாப்டல. இதக் குடிங்க." தயங்கினான். "அவ உள்ள இருக்கா. நான் போய்ப் பேசினா அழுவா. நீங்க கேட்டுச் சொல்லுங்க. எங்க அம்மா இன்னா சொன்னாலும் எனக்குக் கவல இல்ல. அவ இன்னா சொல்றா?"

அவன் கண்ணில் பயமும் நம்பிக்கையும் இருந்தன. அஞ்சலாட்சி அந்தக் கண்ணை விட்டுவிட்டு இளநீரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"தம்பி, அவளுக்கு இஷ்டமில்ல."

"இன்னா?"

"அப்பவே கேட்டேன். வேணான்னுட்டா. அண்ணன் சொன்னாருன்னுதான் ஒத்துக்கினாளாம். நீங்க... இனிமே வராதீங்க தம்பி."

"அவளே சொன்னாளா?"

"அவளேதான்."

பலராமன் குனிந்து, இளநீர் இரண்டையும் சிந்தாமல் சுவரோரம் சாய்த்து வைத்தான். "அண்ணனுக்கு ஏதாவது வேணும்னா ஆபீஸுக்குச் சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினான்.

அஞ்சலாட்சி திரும்பினாள்.

வார்டுக் கதவில் சுலோசனா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கேட்டது எவ்வளவு என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அவள் முகத்தில் எல்லாம் இருந்தது.

கீழே படியில் செருப்புச் சத்தம் இன்னும் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் அவன் திரும்பி வந்துவிடுவான். சுலோசனாவின் வாய் திறந்தது. அஞ்சலாட்சியின் கை தன்னையறியாமல் கும்பிட்டபடி எழுந்தது.

சுலோசனா அந்தக் கைகளையே பார்த்தாள். எதற்காக என்று அவளுக்குத் தெரியாது. தன்னை எடுத்து வளர்த்த அண்ணி இதுவரை யாரையும் இப்படிக் கும்பிட்டு அவள் பார்த்ததில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள். செருப்புச் சத்தம் குறைந்துகொண்டே போய் நின்றது.

"அண்ணன் கண்ண முழிச்சிச்சு" என்றாள் சுலோசனா. குரலில் உயிரில்லை. "அஞ்சல எங்கன்னு கேக்குது. உள்ள போ அண்ணி."